புதுத் துண்டு யாருக்கு? – அன்றாட அறமும் மென்கதைகளும்

மதுரை என்றவுடன் கற்றோர் நெஞ்சில் முதலில் எழுவது ஒரு வழக்கு. அரசியின் சிலம்பைக் களவாடியவன் இவன் என்று பொற்கொல்லன் சொன்ன சொல்லை நம்பி, பழி சுமத்தப்பட்டவனை அழைத்து ஒரு வார்த்தையும் கேளாமல் கொலைத் தண்டனை விதித்தான் பாண்டியன். கண்ணகி அவைக்கு வந்து வழக்குரைத்தபோது தன் பிழையை உணர்ந்து அரியணையிலேயே உயிர் நீத்தான். நகரம் தீக்கிரையாயிற்று. சிலப்பதிகாரத்தின் இப்பகுதியைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் நடத்தியிருக்கிறேன். மாணவர்கள் அமைதியுடன் கேட்பார்கள், குறிப்பெடுத்துக் கொள்வார்கள், தேர்வில் நன்றாகவே எழுதுவார்கள். ஆனால் பாண்டியன் செய்தது சரியா, தவறா என்று அவர்கள் தமக்குள் வாதிட்டு நான் கண்டதில்லை. வாதிட அங்கே என்ன இருக்கிறது? தவறு பட்டப்பகல்போல் தெரிகிறது. மேலும், நம்மில் எவரும் பாண்டியர் அல்லர். செங்கோல் நம் கையில் இல்லை. ஆதலால் அது வளையும் என்ற அச்சமும் நமக்கில்லை.

அதே வகுப்பில் ஒரு நாள் கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' என்னும் சிறுகதையை நடத்தினேன். மணி அடித்த பின்னரும் வாக்குவாதம் ஓயவில்லை. அந்த வாக்குவாதமே இக்கட்டுரைக்கு வித்து.

கதையை அறியாதார்க்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதுரைக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் கரிசல் சமவெளியில், கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் சிற்றூரில் 1923ஆம் ஆண்டு பிறந்தவர் அழகிரிசாமி. அந்த மண்ணின் ஏழைக் குடும்பம் ஒன்றுதான் கதையின் களம். தீபாவளி வருகிறது. தாயம்மாள் எப்படியோ முயன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புத்தாடை வாங்கி வைத்திருக்கிறாள். கணவனுக்கென்று ஒரு துண்டும் இருக்கிறது. அவ்வேளையில் தாய் தந்தையற்ற, உடம்பெல்லாம் சிரங்கு பற்றிய ஒரு சிறுவன் வாசலில் வந்து நிற்கிறான். அவன் பெயர் ராஜா. தாயம்மாள் அவனையும் அழைத்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். குளித்து முடித்த பிள்ளைக்கு உடுத்த என்ன கொடுப்பது? வீட்டில் மிச்சம் இருப்பது கணவனுக்கான அந்தத் துண்டு ஒன்றே. அதைக் கொடுத்துவிடுகிறாள். ஊரின் செல்வர் வீட்டுக்கு ஜமீன்தார் மரபைச் சேர்ந்த 'ராஜா' ஒருவர் மாப்பிள்ளையாக வந்திருக்கிறார் என்று அவ்வீட்டுச் சிறுவன் பெருமை பேச, எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறார் என்று தாயம்மாளின் மகள் மங்கம்மாள் வெள்ளையுள்ளத்துடன் சொல்வதோடு கதை முடிகிறது.

தாயம்மாளின் ஈகையைப் போற்றி இரண்டு சொல் சொல்லி நான் நூலை மூடப் போனேன். அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். "ஐயா, அந்தத் துண்டு தாயம்மாளுடையதன்று; அவர் கணவருடையது. அவரைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தது எப்படித் தருமம் ஆகும்?" என்றார். "கேட்டிருந்தால் கொடு என்றுதான் சொல்லியிருப்பார்" என்றான் மற்றொருவன். "சொல்லியிருப்பார் என்பது உனக்கு எப்படித் தெரியும்? ஆண்டு முழுவதும் வெயிலில் உழைக்கும் மனிதருக்கு ஒரு புதுத் துண்டு வேண்டாமா?" என்றார் அம்மாணவி. வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. நான் பல முறை படித்த கதையில் அதுவரை கண்ணில் படாத ஒருவர் அன்றுதான் தென்பட்டார். துண்டு கைமாறும் அந்நேரத்தில் அங்கே இல்லாத மனிதர் அவர்.

மென்கதை என்று நான் இங்கே குறிப்பது இத்தகைய கதைகளையே. கொலையும் கொள்ளையும் இவற்றில் இல்லை. பெருங்காதலும் பெருந்துரோகமும் அரிதாகவே தலைகாட்டும். ஒரு கடனைத் திருப்பிக் கேட்பதா வேண்டாமா, நண்பன் செய்த தவற்றை நாலு பேர் முன் சொல்வதா மறைப்பதா, இருக்கும் ஒன்றை இருவரில் யாருக்குக் கொடுப்பது என்பன போன்ற சிக்கல்களே இவற்றின் பொருள். இவற்றை 'எளிய கதைகள்' என்று ஒதுக்குவோர் உண்டு. நீதிக்கதைகளோடு சேர்த்துக் குழந்தைகளுக்கு உரியவை என்பாரும் உண்டு. இரண்டும் பொருந்தாக் கூற்றுகள். நீதிக்கதையில் நரி தந்திரம் செய்யும். இறுதியில் அகப்பட்டுக் கொள்ளும். அங்கே யாருக்கும் தயக்கம் இல்லை. மென்கதைக்கு உயிரே தயக்கம்தான். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று குறைகிறது. அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் நம் கண்முன் நிற்பதில்லை. அவரை நினைக்க வைப்பதில்தான் இக்கதைகளின் ஈர்ப்பு இருக்கிறது என்பது என் கருத்து.

பிரேம்சந்தின் 'ஈத்கா' 1933இல் வெளிவந்த இந்திக் கதை. நம் மாணவர்களுக்கும் பெரியோர்க்கும் நன்கு அறிமுகமானது. பெருநாள் தொழுகைக்குப் போகும் சிறுவன் ஹாமிதின் கையில் மூன்று பைசா இருக்கிறது. உடன் வந்த பிள்ளைகள் மிட்டாயும் மண் பொம்மையும் வாங்குகிறார்கள். ஹாமிது சப்பாத்தி சுடும் பாட்டியின் விரல்கள் சுட்டுக் கொள்வதை எண்ணி ஓர் இரும்பு இடுக்கி வாங்குகிறான். இதனைத் தியாகத்தின் சிறப்பு என்று பாடநூல்களில் எழுதிவிடுகிறோம். அச்சொல் அந்தக் குழந்தைக்குச் சற்றுப் பெரியதாகவே எனக்குத் தோன்றும். ஹாமிதுக்கும் மிட்டாய் மீது ஆசை இருக்கிறது. பொம்மைகளைத் தொட்டுப் பார்க்க விரும்புகிறான். அத்தனை கூட்டத்திலும் அத்தனை கடைகளுக்கு நடுவிலும் அங்கு இல்லாத ஒருத்தியின் நினைவு அவனுக்கு வந்தது என்பதே கதை. வீடு திரும்பியதும் பாட்டி அமீனா முதலில் கடிந்து கொள்கிறாள், பின்னர் அழுகிறாள். அழுகை பாராட்டுதலால் மட்டும் வந்ததா? ஐந்து வயதுகூட நிரம்பாத பிள்ளை மிட்டாயை மறுக்கக் கற்றுக்கொண்டுவிட்டதே என்ற வேதனையும் அதில் கலந்திருக்கலாம். பிரேம்சந்து விளக்கிச் சொல்லி முடிக்காமல் நமக்கு விட்டுவைத்த பகுதி அது.

அவரே 1916இல் எழுதிய 'பஞ்ச பரமேசுவரன்' என்னும் கதை இன்னும் கூர்மையானது. ஜும்மன் சேக்கும் அல்கு சௌதரியும் உயிர் நண்பர்கள். தன்னைக் காப்பாற்றுவான் என்று நம்பிச் சிறிய தாயார் எழுதிக் கொடுத்த சொத்தைப் பெற்றுக்கொண்ட ஜும்மன், பத்திரம் பதிவானதும் அவரைப் புறக்கணிக்கிறான். கிழவி பஞ்சாயத்தைக் கூட்டி, எதிராளியின் நண்பனான அல்குவையே நடுவராகத் தேர்ந்தெடுக்கிறாள். அல்கு நட்பை விட்டு நீதி சொல்கிறான். நட்பு முறிகிறது. பின்னொரு நாள் அல்குவின் வழக்கு வருகிறது. அவனிடம் மாடு வாங்கியவன் அதை ஓட்டி ஓட்டிச் சாகடித்துவிட்டு விலைப்பணம் தர மறுக்கிறான். இப்போது நடுவர் ஜும்மன். பழிதீர்க்க வாய்ப்பு கையில் இருக்கிறது. அந்த இருக்கையில் அமர்ந்தவுடன் அவன் மனம் மாறுகிறது. அல்குவின் பக்கமே தீர்ப்புச் சொல்கிறான். வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். அதன் கனத்தை ஒரு கிராமத்து மரநிழலில், பக்கத்து வீட்டுக்காரர் இருவர் தோளில் ஏற்றிக் காட்டுகிறார் பிரேம்சந்து. ஊர் ஜமாஅத்தில் உட்கார்ந்து சொத்து வழக்கும் மணமுறிவு வழக்கும் கேட்ட பெரியோர்கள் இக்கதையைப் படித்தால் தம் அனுபவம் ஒன்றையேனும் நினைவுகூர்வார்கள்.

மதுரைப் பகுதிக்கே வருவோம். இங்கே மென்கதை என்றவுடன் இரண்டு பெயர்கள் முன்னிற்கும். ஒருவர் டாக்டர் மு. வரதராசனார், மற்றவர் நா. பார்த்தசாரதி.

மு.வ. வடார்க்காட்டு மண்ணைச் சேர்ந்தவர். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றியவர். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக வந்து, 1974இல் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார். 1961ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி பரிசு அவருடைய 'அகல் விளக்கு' புதினத்திற்குக் கிடைத்தது. அழகும் அறிவும் நிறைந்த சந்திரன் நிலவுபோல் ஒளிவிட்டுத் தேய்ந்து அழிகிறான். அவனுடைய நண்பன் வேலய்யன் சிறிய அகல்போல் நின்று எரிகிறான். கதை இவ்வளவுதான். இதனைப் படித்த ஒரு தலைமுறை தங்களைச் சந்திரனாக எண்ணிக்கொண்டு தொடங்கி, வேலய்யனாக முடிந்தால் போதும் என்ற எண்ணத்துடன் நூலை மூடியது. மு.வ.வின் நூல்களைத் திருமணப் பரிசாக வழங்கும் வழக்கம் தமிழகம் முழுவதும் இருந்தது. புதுமண்டபத்துக்குள் புத்தகக் கடைகள் இருந்த காலத்தில் அங்கே பழைய படி ஒன்றை வாங்கினேன். முதல் பக்கத்தில் 'மணமக்களுக்கு' என்று அழகிய கையெழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். அது எப்படிக் கடைக்கு வந்தது என்று எண்ணிப் பார்த்தேன். அதுவே ஒரு மு.வ. கதையாகத் தோன்றியது.

மு.வ.வின் புதினங்களில் கதை குறைவு, அறிவுரை மிகுதி என்று திறனாய்வாளர் சிலர் குறை கூறினர். அவரிடம் பெருமதிப்புக் கொண்ட நானும் இக்குறையில் ஓரளவு உண்மை இருப்பதை மறுக்க மாட்டேன். அவருடைய மாந்தர்கள் தயங்கத் தொடங்கியவுடன் ஆசிரியரின் குரல் வந்து தோளைத் தொட்டு வழி காட்டிவிடுகிறது. நமக்கு எண்ணிப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளிப் படிப்பைத் தாண்டிய முதல் தலைமுறை அது. கிராமத்தை விட்டு வந்து விடுதி அறையில் தனித்திருந்த பிள்ளைகளுக்குக் கேட்பதற்கு ஓர் அண்ணன் இல்லை. அவ்விடத்தில் மு.வ. நின்றார். 'தம்பிக்கு', 'தங்கைக்கு' என்று அவர் கடித நூல்களுக்குப் பெயரிட்டது தற்செயலன்று. அக்குரல் தேவைப்பட்டவர்களுக்கு அது இடையீடாகத் தோன்றவில்லை.

நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' மதுரையையே களமாகக் கொண்டது. கல்கி இதழில் தொடராக வந்து வீடுவீடாகப் பரவியது; பின்னர்த் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. தமிழ்ப் பேராசிரியரான தந்தையை இழந்த பூரணி, திருப்பரங்குன்றத்து வீட்டில் உடன்பிறந்தாரைக் காக்கும் பொறுப்புடன் நிற்கிறாள். அச்சகத்தில் பணிபுரியும் இலட்சிய இளைஞன் அரவிந்தன் அவளுக்குத் துணையாகிறான். அக்காலத்தில் தம் குழந்தைகளுக்குப் பூரணி என்றும் அரவிந்தன் என்றும் பெயரிட்ட பெற்றோர் பலர். இப்புதினத்தின் பிற்பகுதியில் இருவரும் மிக உயர்ந்துவிடுகிறார்கள். நம் கைக்கு எட்டாத உயரம். என் மனத்தில் நிற்பது முற்பகுதிதான். வீட்டு வாடகையும் தம்பிமாரின் படிப்பும் ஒரு பக்கம் இழுக்க, தந்தை கற்பித்த தன்மானம் மறுபக்கம் இழுக்க, இளம்பெண் ஒருத்தி இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவிக்கும் அப்பக்கங்களைப் படிக்கும்போது மதுரையில் எந்தத் தெருவிலும் அவள் எதிரே வரக்கூடும் என்று தோன்றும்.

மீண்டும் அழகிரிசாமியிடம் வருகிறேன். 1970இல் அவர் மறைந்தார். அவ்வாண்டுக்கான சாகித்திய அக்காதெமி பரிசு 'அன்பளிப்பு' என்னும் அவருடைய தொகுப்பிற்கு வழங்கப்பட்டது. தொகுப்பின் பெயரைத் தாங்கிய கதையை நம் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். குழந்தைகளிடம் மிகுந்த அன்புடைய ஒருவர் தம்மைத் தேடிவரும் சிறுவர்களுக்கெல்லாம் புத்தகம் கொடுக்கிறார். புத்தாண்டில் தமக்குப் பிரியமான இரண்டு குழந்தைகளுக்கு டைரி கொடுத்து அன்பளிப்பு என்று எழுதிக் கையொப்பமும் இடுகிறார். அதே கூட்டத்தில் சாரங்கன் என்னும் அமைதியான சிறுவன் ஒருவனும் இருக்கிறான். அவனுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து அவன் அவரைத் தன் வீட்டுக்கு அழைக்கிறான். அங்கே உபசாரங்கள் முடிந்ததும் தானே வைத்திருந்த டைரியை எடுத்து நீட்டுகிறான். தனக்கு அவர் அன்புடன் அளித்ததாக எழுதித் தரச் சொல்கிறான். அவர் எழுதுகிறார். அத்துடன் கதை நிற்கிறது.

இதில் தவறு செய்தவர் யார்? அந்த மனிதர் கெட்டவரா? இல்லை, நம்மில் பலரையும்விட நல்லவர். தம் அன்பை அவர் பங்கிட்டபோது பக்கத்திலேயே நின்ற ஒருவனைக் காணவில்லை, அவ்வளவே. தாயம்மாளின் கணவர் வீட்டில் இல்லாதவர். சாரங்கனோ இருந்தும் இல்லாதவன். ஆசிரியப் பணியில் உள்ளோர்க்கு இக்கதை முள்போலத் தைக்கும். அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் நாம் பெயர் சொல்லி அழைப்பது எத்தனை பேரை? அழகிரிசாமி இங்கே ஒரு சொல்லும் கடிந்துரைப்பதில்லை. மென்மை என்பது கண்டிப்பு இல்லாமை என்று கருதுவோர் இக்கதையின் கடைசிப் பக்கத்தை மீண்டும் படித்துப் பார்க்கலாம்.

இவ்வகைக்கு நேர் எதிரான இடத்திலிருந்து ஒரு கதையையும் குறிப்பிட வேண்டும். வைக்கம் முகம்மது பஷீரின் 'ஒரு மனிதன்'. தொலைதூர ஊர் ஒன்றில் உணவுவிடுதியில் உண்டு முடித்தவனுக்குப் பணப்பை காணவில்லை. விடுதிக்காரன் நம்பவில்லை, பலர் முன்னிலையில் உடைகளைக் களையச் சொல்கிறான். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொண்டிருக்கையில் முன்பின் அறியாத ஒருவர் வந்து பணம் கட்டி அவனை மீட்டு அழைத்துச் செல்கிறார். யாரும் இல்லாத இடத்தில் தம் பைகளிலிருந்து பல பணப்பைகளை எடுத்துக் காட்டி, இவற்றில் உன்னுடையது எது என்று கேட்கிறார்! அவர் நல்லவரா, தீயவரா? பஷீர் அவருக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. மனிதன் என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டார். விடுதியில் கூடி நின்று சிரித்தவர்கள் ஒருவேளை எவர் பையிலும் கைவைக்காதவர்களாக இருக்கலாம். அன்று அந்தக் கூட்டத்தில் இரக்கப்பட்டவன் திருடன் ஒருவனே. நம் வகுப்பில் இக்கதையை நடத்தினால் 'மீதிப் பணப்பைகளின் சொந்தக்காரர்கள் என்ன ஆனார்கள் ஐயா?' என்று கேட்க ஒருவர் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

இவற்றை எல்லாம் பிறர் கதைகளாகச் சொல்லிக்கொண்டு போவது எளிது. என் கதை ஒன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு கல்லூரியில் பணியாற்றிய காலம். தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். மாணவன் ஒருவனுக்குச் சில நாள் குறைந்தது. இரவு முழுவதும் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கிவிட்டு விடியற்காலையில் தூங்கிப் போவான். முதல் இரண்டு பாடவேளைகள் தவறிவிடும். அவன் தாயார் வந்து என் அறை வாசலில் நின்றார். நான் வருகைப் பதிவேட்டைத் திறந்து, அவன் வராத சில நாட்களில் வந்ததாகக் குறித்தேன். பொய்தான். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். தமிழாசிரியனுக்கு மேற்கோள் கிடைப்பதா அரிது! அவன் தேர்வு எழுதினான், தேறினான். எனக்கு மகிழ்ச்சியே.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது அதே வகுப்பைச் சேர்ந்த இன்னொருவன் என்னைக் காண வந்தான். அவனுக்கும் வருகை குறைந்திருந்தது, தேர்வு எழுதவில்லை. அவனும் அதே சந்தையில் அதே வேலையைப் பார்த்தவன் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவன் யாரையும் அழைத்து வரவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. நண்பனுக்கு நான் செய்தது அவனுக்குத் தெரிந்திருந்தது. கோபமாகப் பேசவில்லை. "நானும் வந்து கேட்டிருந்தால் போட்டிருப்பீர்களா ஐயா?" என்று மட்டும் கேட்டான்.

வள்ளுவர் 'குற்றமற்ற நன்மை' என்று வரையறுத்த பகுதியை நான் பதிவேட்டைத் திறந்த அன்று வேகமாகக் கடந்திருக்கிறேன். அவனுக்கு என்ன விடை சொன்னேன் என்பது நினைவில்லை. விடை என்று சொல்லத்தக்க எதையும் சொல்லியிருக்க முடியாது.

மறு ஆண்டு பருவத் தொடக்கத்தில் முதல் நாள் வகுப்பில், பாடம் தொடங்குமுன், இரவு வேலைக்குப் போகிறவர்கள் யார் யார் என்று கேட்டேன். சற்று நேரம் ஒருவரும் அசையவில்லை. பிறகு ஒரு கை உயர்ந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. கடைசியில் எண்ணிப் பார்த்தேன்; பதினொரு பேர்.